சத்தம் போடாமல் ஐந்தாம் நம்பர் மலைக்குள் இறங்கிய காலை

வாசகரே, உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல எங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். நடந்ததை நடந்தபடி கேட்டு வைத்துக்கொண்டு, பின்னர் எவராவது வேறு விதமாகச் சொன்னால், "நான் கேட்டது இப்படி" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு விதமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் அத்தை அவர்களுள் முதன்மையானவர்.

மடுல்சீமைப் பக்கத்தில், பஸ் திரும்பி நிற்கும் இடத்துக்கும் அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன் நான். பாடசாலைக் காலம் முதல் மேடையில் பேசி வருகிறேன். விவாதப் போட்டிகளில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் அந்தப் பக்கத்தை வெல்லச் செய்வதே பயிற்சி. தொழில்நுட்ப வளர்ச்சி மனித குலத்துக்கு வரம் என்று பதுளையில் நிறுவினேன். அடுத்த வாரம் ஹாலிஎலவில் அதே வளர்ச்சி சாபம் என்று நிறுவினேன். இரண்டு கேடயங்களும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், எங்கள் வீட்டில், ஒரே பலகையில் அருகருகே நிற்கின்றன. என் அம்மா இரண்டையும் ஒரே துணியால் துடைக்கிறார்.

பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்தின் பழைய துரை பங்களாவைக் கொழும்பில் உள்ள யாரோ குத்தகைக்கு எடுத்து விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் தேயிலையைப் பார்க்க வந்தார்கள். காலையில் பார்த்தார்கள், மாலையிலும் பார்த்தார்கள், மறுநாள் போய்விட்டார்கள். தேயிலை அசைவதில்லை. பின்னர், தோட்டத்தின் ஒரு பிரிவான ஐந்தாம் நம்பர் மலையின் அடியில், ஓடைக்காட்டை ஒட்டிய பாறையில், ஒரு சிறுத்தை படுத்திருப்பதை விருந்தினர் ஒருவர் படம்பிடித்தார். அதன் பிறகு விடுதி வாசலில் 'மலையக சஃபாரி' என்று பலகை எழும்பியது. கூரை கழற்றிய ஜீப் ஒன்று வந்தது. விருந்தினருக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விளக்கம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

சிறுத்தை வராத நேரத்தில் பேசுவது என் கடமை. வந்த பிறகு பேசாமல் இருப்பதும் என் கடமை. முதற்பகுதியில் நான் சிறந்து விளங்கினேன்.

ஜீப் ஓட்டியவர் பதுளையில் இருந்து வந்த நடுத்தர வயது முஸ்லிம். எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். என் விளக்கங்களை அவர் பொறுமையோடு சகித்தார். ஒரு நாள் மட்டும், சிறுத்தை இனத்தின் உணவுப் பழக்கத்தை நான் மூன்றாம் தலைப்பின் கீழ் விரித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டீயரிங்கில் கன்னத்தை வைத்தபடி, "தம்பி, கொஞ்சம் மூச்சு விடுங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் பார்த்துட்டுத்தான் அது பத்தைக்குள்ள நிக்கிது போல" என்றார்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அதே ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பவர். கொழுந்துக்காரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரையைக் கங்காணி பிரித்துக் கொடுப்பார். அம்மாவுக்கு விழுந்தது கடைசி நிரை. அதற்கு அந்தப் பக்கம் ஓடைக்காடு. அந்த மாதம் எங்கள் லயத்தில் இரண்டு நாய்கள் காணாமற்போயின. ஒன்றின் கழுத்துக் கயிறு அம்மாவின் நிரையில், மூன்றாவது செடியின் அடியில் கிடந்தது. அம்மா அதைக் கொண்டுவந்து நாயின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே நிரைக்குப் போனார். போகாவிட்டால் அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளமும் இல்லை.

கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது எங்கள் பெண்கள் முதற்கிள்ளைக் கூடையில் இட்டு, "பொலியோ பொலி" என்று சேர்ந்து குரல் கொடுப்பார்கள். கூடை நிறைய வேண்டும் என்பது அதன் பொருள். சிறுத்தை வந்த பின் அந்தக் குரல் இடம் பெயர்ந்தது. மலைக்குள் இறங்குவதற்கு முன்பே, ரோட்டில் நின்று, பால்மாத் தகரப் பேணியை, செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பால் தட்டி, "பொலியோ பொலி" என்று கத்தினார்கள். கூடை நிறைந்ததோ இல்லையோ, பாறை காலியானது. சிறுத்தை எழுந்து, முதுகை வளைத்து, அவசரம் ஏதுமின்றி ஓடைக்காட்டுக்குள் போகும். அது போனதைக் கண்ட பிறகே அம்மா தன் நிரைக்கு இறங்குவார்.

இந்த ஏற்பாட்டில் குறை கண்டவர் ஒருவர்தான். அவர் வெளிநாட்டில் இருந்து வந்த முதியவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். உலக்கை பருமனுள்ள லென்ஸ் ஒன்றைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் அமர்ந்திருப்பார். சிக்கல் சூரியனால் வந்தது. எதிர் மலை உயரமானது. பாறையில் வெளிச்சம் விழுவதும் பெண்கள் ரோட்டுக்கு வருவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. அவர் குனிந்து கண்ணை வைப்பார், பேணி ஒலிக்கும். சில நாட்களுக்குள் அவரிடம் சேர்ந்த படங்களில் சிறுத்தையின் பின்பகுதி மிகத் தெளிவாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. பங்களா மானேஜரிடம் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார், அவ்வளவுதான்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே பெரிய பேச்சாளர்? பொம்பளைங்ககிட்ட பேசுங்க. சத்தம் போடாம மலைக்கு இறங்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அவங்க பயத்துல தட்டுறாங்க சார். கடைசி நிரை எங்க அம்மாவோடது."

"அப்ப இன்னும் லேசாப் போச்சே. வீட்டுலயே ஆரம்பிக்கலாம்."

எனக்கு வந்த சீட்டு இது என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை கைத்தொலைபேசியில் சிறுத்தைகளைப் பற்றிக் கிடைத்த அனைத்தையும் வாசித்தேன். சிறுத்தை மனிதரைத் தவிர்க்கும் விலங்கு என்று பல இடங்களில் இருந்தது. சில இடங்களில் வேறு விதமாகவும் இருந்தது. அவை எதிரணிக்குரிய குறிப்புகள்.

அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குப் பெரட்டுல நான் பேசப் போறேன்மா."

"என்னத்தப் பத்தி?"

"தகரம் தட்டத் தேவையில்லன்னு."

அவர் கை நிற்கவில்லை. "தட்டலன்னா நாங்க வாறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குக் காது இருக்கும்மா. மோப்பம் இருக்கு. ஒங்களக் கண்டா அதுவே விலகிப் போயிரும்."

"அத அதுகிட்ட கேட்டியா?"

குறுக்குக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லத் தேவையில்லை, தொகுப்புரையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மேடை முறை. நான் அதைக் கடைப்பிடித்தேன்.

பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். எங்கள் தோட்டத்தில் அது கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் உள்ள வெளி. முரட்டுச் சாக்குத் துணியான படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடைகளோடு பெண்கள் நின்றார்கள். கங்காணி எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார். நான் மூன்று வாதங்களை முன்வைத்தேன். சிறுத்தை இயல்பிலேயே ஒதுங்கிப் போகும் பிராணி என்பது முதலாவது. குட்டி போட்ட தாயாக இருந்தால் சத்தமே அதைச் சினங்கொள்ளச் செய்யும் என்பது இரண்டாவது. விருந்தினர் வரவு பெருகினால் நம் ரோட்டுக்குத் தார் விழும் என்பது மூன்றாவது. குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றினேன், இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினேன். பதுளையில் பேசியதைவிட நன்றாகவே வந்தது. இதை என் புகழுக்காகச் சொல்லவில்லை, சாட்சி முழு விவரத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் அத்தை முன்னால் வந்தார். அவர் அப்பாவின் தங்கை. அந்தக் கூட்டத்தில் பேணி தட்டும் உரிமை அவருடையது.

"நல்லாப் பேசினீங்க மருமகனே. ரேடியோ கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்ப நாளைக்கு நீங்க முன்னுக்கு நடங்க. நாங்க வாயத் தொறக்காம பின்னுக்கு வாறோம்."

"தார் போடுறதுக்கு முந்தி ஒருக்கா நடந்து பார்க்கட்டும்" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"இந்தப் பேணியையும் இவருகிட்டயே குடுத்துருவோம். கேடயத்துக்குப் பக்கத்துல வைக்கட்டும்" என்றது இன்னொன்று.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, கூடைக் கயிற்றைத் தலையில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறைகூவல் வந்தால் ஏற்றுக்கொள்ளவே எனக்குப் பயிற்சி. மறுக்கும் முறையை எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. மேலே ரோட்டில் ஜீப் நின்றது. அதில் முதியவரும் மானேஜரும் நானாவும். நான் முன்னால் நடந்தேன். என் பின்னால் அத்தை, அவர் பின்னால் மற்றவர்கள். கடைசி நிரைக்காரி என்பதால் அம்மா எல்லாருக்கும் பின்னால் வந்து, பாதி வழியில் ஓடைப் பக்கமாகப் பிரிந்தார். யாரும் பேசவில்லை. எங்கள் பெண்கள் ஒரு காலைப்பொழுதில் பேசாமல் நடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. செருப்பின் சத்தமும், படங்கு செடியில் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. என் காலில் அட்டை ஏறுவது தெரிந்தது. குனிந்து எடுக்கவில்லை, முன்னால் நடப்பவனுக்கு ஒரு தோரணை வேண்டும்.

பாறை காலியாக இருந்தது. என் முதல் வாதம் வென்றது என்று எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள், பாதை வளையும் இடத்தில், பாறைக்கு இப்பால், சிறுத்தை நின்றது.

அது ஜீப்பில் இருந்து பார்த்த சிறுத்தையைப் போல இல்லை. ஜீப்பில் இருந்து பார்க்கும்போது அதன் புள்ளிகள் தெரியும். இங்கே அதன் மூச்சு தெரிந்தது; விலா ஏறி இறங்கியது. மீசை மயிரில் பனி நீர் இருந்தது. அது என்னைப் பார்த்தது. கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தொண்டையைத் திறந்தேன். பத்து வருடமாக அந்தத் தொண்டை திறந்தவுடன் எது வெளிவருமோ அதுவே அன்றும் வெளிவந்தது. வலது கை தானாக உயர்ந்தது.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே."

குரல் நடுங்கவில்லை. எதிர் மலையில் பட்டுத் திரும்பியது. சிறுத்தை காதுகளை முன்னுக்குத் திருப்பியது. பல நடுவர்கள் இதைவிடக் குறைவாகவே கவனித்திருக்கிறார்கள். "எனக்கு முன்னால் உரையாற்றிச் சென்ற" என்று அடுத்த அடியையும் எடுத்தேன். அந்த இடத்தில் அது ஆர்வம் இழந்தது என்று நினைக்கிறேன். தலையைத் திருப்பியது, இரண்டு செடிகளுக்கு நடுவே உடலை ஒடுக்கி நுழைந்தது, போய்விட்டது. செடிகள் அசைந்தன, நின்றன.

சிறிது நேரம் கழித்து அத்தையின் குரல் பின்னால் கேட்டது.

"நடுவர் போயிட்டாரு, மருமகனே. கையக் கீழ போடுங்க."

இந்த இடத்தில்தான் அத்தையின் கூற்றுக்கும் என் கூற்றுக்கும் வேறுபாடு. நான் பின்னோக்கி இரண்டடி வைத்து அவர் காலை மிதித்தேன் என்று அவர் சொல்கிறார். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். அவர் கால் முன்கூட்டியே அங்கே இருந்தது.

பெண்கள் அவரவர் நிரைக்குப் பிரிந்தார்கள். சிறுத்தை போனதை எல்லாரும் கண்டார்கள் அல்லவா; அது போதுமாக இருந்தது. நான் ரோட்டுக்கு ஏறினேன். ஏறும்போது, இதை நான் ஒரு வெற்றியாக விளக்கலாமா என்று ஆராய்ந்துகொண்டே ஏறினேன்.

முதியவர் ஜீப்பில் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். காமெராவின் பின்புறத் திரையை என் பக்கம் திருப்பினார். படம் அற்புதமாக இருந்தது. பொன் நிற வெளிச்சம். முன்னால் சிறுத்தை, அதற்கு எதிரே கையுயர்த்திய நான், என் பின்னால் கூடைகளோடு பெண்கள். தேர்தல் சுவரொட்டிக்குத் தகும். ஓரத்தில், கீழே, தனியாக அம்மா. தன் நிரையின் தலைப்பில், கையைச் செடிமேல் வைத்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதியவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் முகத்தைக் காட்டத்தான் பெரிதாக்கினார் என்று நினைத்தேன். அவர் விரல் அம்மாவின் பக்கம் நகர்ந்து, அம்மாவையும் தாண்டி நின்றது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால், ஓடைக்காட்டின் விளிம்பில், புற்களுக்கு இடையில் இன்னொரு தலை இருந்தது. காதுகள் பின்னுக்குப் படிந்திருந்தன. அது முதல் சிறுத்தையையோ என்னையோ பார்க்கவில்லை. அம்மாவுக்கும் அதற்கும் நடுவே இரண்டு செடிகள் இருந்தன.

"ரெண்டு இருக்கு" என்றார் மானேஜர், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. "ரெண்டு இருக்கு, நானா."

நானா திரையைப் பார்க்கவில்லை. அவர் மலையைப் பார்த்தார். அம்மா அந்த நிரைக்குள் இறங்கிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஓடைப் பக்கம் முதுகு.

நான் கத்தினேன். அதில் வரவேற்புரை இல்லை, வாதம் இல்லை. "அம்மா, மேல வாங்க. அம்மா, மேல வாங்க." இதே சொற்களை எத்தனை முறை சொன்னேன் என்பது தெரியாது.

மானேஜர் என் கையைப் பிடித்தார். "கத்தாதீங்க. அது இன்னும் அங்கதான் இருக்கும்."

"அதுதான் சார் கத்துறேன்."

நானா ஜீப்பின் ஹார்னில் கையை வைத்து அழுத்தினார், எடுக்கவே இல்லை. முதியவர் காமெராவை இருக்கையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கீழே அத்தை பேணியை எடுத்தார். அதை அவர் படங்குக்குள் மறைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். பெண்கள் எல்லாரும் கூவினார்கள். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், கையில் இருந்த கொழுந்தைக் கூடையில் போட்டார், பிறகே ஏறத் தொடங்கினார். அந்த ஏற்றம் அவ்வளவு நீளமானது என்று நான் அறிந்திருக்கவில்லை. ஓடைப் பக்கம் எதுவும் அசையவில்லை. அந்த இரண்டாவது சிறுத்தை எப்போது போனது, எந்தப் பக்கம் போனது, போனதா இல்லையா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. சத்தத்தால் போனது என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை.

அன்று மாலை அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் இருந்த அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"ரெண்டாவது ஒண்ணு இருந்துச்சாமே."

"ஆமாம்மா."

"என்னையா பார்த்துச்சு?"

"ஒங்களத்தான் பார்த்துச்சு."

அடுத்த கடிக்குச் சுண்ணாம்பைத் தொட்டார். "படத்துல நான் எப்படி இருக்கேன்?"

"படங்கு கட்டியிருக்கீங்க."

"படம் எடுப்பாங்கன்னு சொல்லியிருந்தா வேற சட்ட போட்டிருப்பேன்." சுண்ணாம்புச் சிமிழை மூடினார். "நாளைக்கும் சத்தமில்லாமத்தானா?"

அதற்கு நான் பதில் சொல்லும் முன் பங்களாவில் இருந்து ஆள் வந்து கூப்பிட, எழுந்து போனேன். மானேஜர் அந்தப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது. விடுதிக்குச் சிறுத்தைப் படம் எடுக்க இனி வரும் எல்லாருக்கும் அதே மாதிரி வேண்டுமாம். மானேஜர் மிகவும் அன்பாகப் பேசினார். எனக்கு ஒரு கோப்பை தேநீரும் தந்தார்.

"வெறும் சிறுத்தைய எங்கயும் எடுக்கலாம் தம்பி. யாலக் காட்டுல போனா எடுக்கலாம். கொழுந்துக்கார அம்மாவும் சிறுத்தையும் ஒரே படத்துல எங்க கிடைக்கும்? பொம்பளைங்க இன்னைக்கு மாதிரி அமைதியா வந்தாப் போதும். நீங்க காலையில இன்னொருக்கா பேசுங்க. இந்த முற நீங்க முன்னுக்கு நடக்கத் தேவையில்ல. மேல எங்களோட நில்லுங்க."

தேநீரைக் குடித்து முடித்தேன். நல்ல தேநீர், எங்கள் தோட்டத்துத் தேயிலையாக இருக்க முடியாது, அது ஏற்றுமதிக்குப் போகிறது.

காலையில் பெரட்டுக்குப் போனேன். பனி இருந்தது. கங்காணி வழக்கம்போல ஒதுங்கி இடம் விட்டார். மானேஜர் ஜீப்பில் இருந்து இறங்கி வந்து, என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் நின்றார்கள். அம்மா கடைசியில், கூடையை இடுப்பில் சாய்த்தபடி. அத்தை என்னைப் பார்த்து, "சொல்லுங்க மருமகனே, இன்னைக்கு எத்தன வாதம்?" என்று கேட்டார். இரவு முழுவதும் ஓர் உரை தயாரித்திருந்தேன். முன்னுரையும் மூன்று பிரிவும் முடிவுரையும் அதில் இருந்தன. அவற்றில் எதையும் நான் சொல்லவில்லை. அத்தையிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேணியைக் கொடுத்தார். மானேஜரின் பக்கம் திரும்பாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நாளையில இருந்து இல்ல, இன்னையில இருந்து. ஜீப்பு நிக்கட்டும், நிக்காமப் போகட்டும், நீங்க யாரும் அஞ்சாம் நம்பர் மலைக்கு இறங்க முந்தி ரோட்டுல நின்னு இதத் தட்டுறது நான்தான். எங்க அம்மா நிரையில இறங்கி நின்னு, போதும்னு சொல்ற வரைக்கும் தட்டுவேன். பங்களா வேல போனாலும் வந்து தட்டுவேன்."